ஒரு கட்டம் மட்டும் நீலம்

ஆகஸ்ட் 3, 1998. திங்கள். காலையிலிருந்து தூறல்.

மாதிரி திரும்பி வந்துவிட்டது. நான்கு துண்டு அனுப்பினேன், நான்கும் வேண்டாம் என்கிறாள் ஆர்டர் கொடுத்த லூசியா. நனைந்த பொட்டலத்தை மேசைமேல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான் கூரியர்க்காரன். பிரித்துப் பார்த்தேன். நான் மடித்த மடிப்பு அப்படியே இருக்கிறது. ஒருமுறை விரித்திருப்பாள், அவ்வளவுதான்.

ஜீவனஹள்ளி ஷெட்டில் நான்கு வாரம் ஓடிய தறி. கம்பளி நூல் லூதியானாவிலிருந்து. சிவப்புச் சாயம் மட்டும் மூன்று தடவை மாற்றினோம். வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன். அறுந்த இழை இல்லை, முடிச்சு இல்லை, கரை நூல் பிடித்தாற்போல் நேர். இதை ஒருத்தி வேண்டாம் என்கிறாள்.

சாயங்காலம் நூருல்லா பாய் கடை. எஸ்.டி.டி. பூத், என் ஃபேக்ஸ் போவதும் வருவதும் அங்கேதான். காகிதத்தோடு வாசலிலேயே நின்றார்.

"மேடம், ஜெர்மனிலருந்து வந்திருக்கு. கோவமா இருக்காங்க போல."

"படிச்சிட்டீங்களா பாய்?"

"மெஷின்லருந்து வெளிய வரும்போது கண்ணு தன்னால போவுது. நான் என்ன பண்ணட்டும்?"

ஃபேக்ஸின் சாரம்: நெசவு அருமை. ஆனால் மாறுபட்ட கட்டம் எங்கே? ஓரத்தில் நெருக்கியிருந்த வரிசை எங்கே? நான் அனுப்பிய ஃபோட்டோவில் இருந்தவற்றை யார் எடுத்தார்கள்? செப்டம்பர் கடைசிக்குள் சரியான மாதிரி வராவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன்.

யார் எடுத்தார்கள். நான்தான்.

சாப்பாடு: பேக்கரி பன், ஒரு டம்ளர் பால். ஒருத்திக்காக அடுப்புப் பற்றவைக்க மனம் வரவில்லை.

4, செவ்வாய். மழை விட்டது. ஷெட்டுக்குள் ஈர வாசனை.

லூசியாவின் பழைய கடிதத்தை, அதோடு வந்த பழந்துணி ஃபோட்டோக்களோடு எடுத்து, முதலிலிருந்து படித்தேன். பெரு நாட்டில் பிறந்தவள், ஜெர்மனியில் கடை. பிப்ரவரியில் கண்காட்சியில் என் ஸ்டாலுக்கு வந்து அரை மணி நேரம் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனவள். கேட்டது சுவரில் மாட்டும் துணி, நான்கு கொண்ட செட். நான்கிலும் ஒரே சமாச்சாரம்: படிக்கட்டுப்போல் ஏறி, உச்சியில் கொக்கியாகச் சுருளும் ஒரு குறி. காலம் மட்டும் வேறு வேறு.

1. கடலோர மணல் நாட்டு ஆட்கள். மிகப் பழசு. படியும் சுருளும் பெரிது பெரிதாக.
2. மலைமேல் ஏரிக்கரை ஆட்கள், தியாவானாக்கு. இரண்டு கையிலும் கோல் பிடித்த சாமி, படிப்படியான மேடைமேல் நிற்கிறது.
3. வாரி ராஜ்ஜியம். அதே படி, அதே சுருள், பத்தி பத்தியாக. நடுவில் அகலம், ஓரத்துக்குப் போகப்போகக் குறுகல். சிவப்பு, மஞ்சள் என்று மாறி மாறி வரும் நிறம், ஓர் இடத்தில் மட்டும் நீலம்.
4. இன்கா. எல்லாருக்கும் பிந்தியவர்கள், எல்லாரையும்விடப் பேர் வாங்கியவர்கள். சின்னச் சின்னச் சதுரம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குறி. அதில் பல மேலே உள்ளவர்களிடமிருந்து வந்தவை என்று லூசியா பென்சிலால் அம்பு போட்டுக் காட்டியிருக்கிறாள்.

மேஸ்திரி சீனப்பாவைக் கூப்பிட்டேன்.

"நீலத்த ஏன் எடுத்தீங்க?"

"ஐயோ மேடம். நான் கேட்டேன் இல்லையா? 'ஒரு கட்டம் மட்டும் நீலமா இருக்கே, பிடலா, பேடவா, அப்படியே விடவா வேணாமா'ன்னு. நீங்கதான் 'ஃபோட்டோல சாயம் எறங்கியிருக்கு, சிவப்பு போடு'ன்னீங்க."

"ஓரத்த?"

"அதுவும் நீங்கதான். 'நெய்யத் தெரியாதவன் கடைசியில எடம் பத்தாம நெருக்கிட்டான், எல்லாத்தையும் சமமா பிரிச்சிப் போடு'ன்னு."

அப்படியே சொன்னேன். வார்த்தை மாறவில்லை.

இருபத்திரண்டு வருஷம் பிசகு கண்டுபிடித்தே பிழைத்தேன். ஏற்றுமதிக்காரர்கள் தள்ளிவிட்ட துண்டு, படுக்கை விரிப்பு, அவற்றை மூட்டையாக வாங்கி, பிசகு உள்ள இடத்தை வெட்டி மிச்சத்தை விற்றதில் ஆரம்பித்த வியாபாரம். நூறு மீட்டரில் ஓரிடத்தில் கோணினாலும் என் கண் அங்கே போய் நிற்கும். அந்தக் கண்ணை நம்பித்தான் நீலத்தை எடுக்கச் சொன்னேன்.

5, புதன். வெயில்.

தறியில் டிசைனை ஓட்டும் அட்டையில் ஓட்டை குத்த வேண்டுமென்றால் முதலில் கட்டத்தாளில் இழை இழையாக டிசைன் எழுத வேண்டும். முதல் மாதிரிக்குச் சீனப்பாவே ஒரே கட்டத்தைத் திருப்பித் திருப்பி எழுதிவிட்டார், இது அவர் கைக்கு அடங்காது. அதற்கு ஆள் தேடி அலைந்தேன்.

சிக்பேட்டை பெரியவர் ஃபோட்டோவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மாதிரி கோணலா எழுதினேன்னு வெளிய தெரிஞ்சா என் பேரு போயிடும்மா. வேற ஆளப் பாருங்க."

கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். ஏ.சி. ரூம், செருப்பைக் கழற்ற வேண்டும்.

"ஒரு கட்டம் போட்டா போதும் மேடம். மிச்சத்த அதுவே ரிப்பீட் பண்ணிடும்."

"ரிப்பீட் ஆகாததுதாங்க ஆர்டரே."

"அப்ப கம்ப்யூட்டர் எதுக்கு மேடம்?"

நியாயமான கேள்வி. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம். இதை எழுதத் தெரிந்த ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பது திங்கட்கிழமையே தெரியும். தெரிந்தே இரண்டு இடம் அலைந்தேன். என் தங்கை கமலா. நீலசந்திராவில் இருக்கிறாள். ஆட்டோவில் இருபது நிமிடம். மூன்று வருஷமாகப் போகவில்லை.

வாங்க: பல்பு, பல்பொடி, ரேடியோவுக்கு பேட்டரி. வீட்டில் ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

7, வெள்ளி. வரமகாலட்சுமி விரதம்.

மாடிப்படி முழுக்க மாவிலை, செவ்வந்தி. மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்துக்கொண்டே கீழ் வீட்டுக் கன்னட அம்மாள் மேலே ஏறினாள். "பன்னி, பன்னி, வாங்க, எல்லாரும் வந்துடணும்." என் கதவுக்கு நேராகக் கொலுசுச் சத்தம் நின்றது. பிறகு அடுத்த மாடிக்குப் போய்விட்டது. புருஷன் போய் ஆறு வருஷம், இது புதிதில்லை. மத்தியானம் மூன்று ஒப்பட்டு, நம் போளிதான், கொடுத்தனுப்பினாள். நல்ல நெய். மூன்றையும் தின்றேன்.

முன்பெல்லாம் இந்த நாளில் கமலா விடிந்ததும் வந்துவிடுவாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டு, "வாக்கா, கிராஃப் பாக்கலாம்" என்று உட்கார்ந்துகொள்வாள். வெளியே யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது காதில் விழாதபடி பேசிக்கொண்டே இருப்பாள். அவளும் மஞ்சள் குங்குமத்துக்குப் போகலாம், புருஷன் இருக்கிறவள். போகமாட்டாள்.

நடந்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்னால், கண்காட்சி. படிக்கட்டு பார்டர் போட்ட விரிப்பு எங்களிடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டெல்லி ஆள் ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "டிசைன் யார் போட்டது?" என்றார். போட்டவள் என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். "எங்க ஆள் ஒருத்தி" என்றேன்.

தொழிலில் பெயரைச் சொன்னால் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. "வசந்தா மேடம் டிசைன்" என்று மார்க்கெட்டில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. தனி ஒருத்தியாக எழும்பி வந்தேன் என்று கோலார் தங்கவயல் கதையைச் சொல்லும்போதெல்லாம் சுரங்கத்து அப்பா வருவார், ரிஜெக்ட் மூட்டை வரும், தரையில் படுத்துக் கட்டத்தாள் நிரப்பிய கமலா வரமாட்டாள்.

அன்று அவள் சண்டை போடவில்லை. ஸ்டால் மூடும்வரை இருந்து துணி மடித்துக் கொடுத்தாள். பஸ் ஏறினாள். மறுநாள் வரவில்லை. கார்மெண்ட் ஃபேக்டரியில் செக்கிங் வேலையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

நானும் போய்க் கூப்பிடவில்லை.

9, ஞாயிறு. மேகமூட்டம்.

போனேன். மீன் வாங்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்து, லஞ்சம் போல இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஃபோட்டோ கவர் மட்டும்.

கதவைத் திறந்தது அவள் மகள் ரேவதி. என்னைவிட உயரம். "அம்மா, பெரிம்மா வந்துக்கீறாங்க" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அறிவுள்ள பெண்.

கமலா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னா, வழி தெரிஞ்சுதா?"

"ஆட்டோக்காரனுக்குத் தெரிஞ்சுது."

"யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப ஆர்டரு."

உட்கார் என்று சொல்லவில்லை. நானே ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டேன். திரும்பி வந்த மாதிரி, லூசியா, நீலக் கட்டம் எல்லாம் சொன்னேன். அவள் பிழிவதும் உதறுவதுமாக இருந்தாள். ஃபோட்டோக்களைக் கட்டிலில் வரிசையாக வைத்தேன். கேட்கவில்லை, காட்டவில்லை, சும்மா வைத்தேன். கடைக்காரியின் வழக்கம்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இதப் போயி தப்புன்னியா?" மூன்றாவது ஃபோட்டோ. "இது சட்டை அக்கா. சுவத்துல மாட்ற பொருளா பாத்துக்கீற நீ. ஓரம் வர்ற எடம் அக்குளு, பக்கம். அங்க குறுக்கினா நெஞ்சுல இருக்கறது பெருசா தெரியும். எடம் பத்தாம நெருக்கினவ இப்படி எண்ணி எண்ணி நெருக்குவாளா? பாரு, ஒவ்வொரு பத்தியும் முன்னதவிட கொஞ்சமா கம்மி."

"நீலம்?"

"அது இன்னான்னு எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சு வெச்சிருக்கா."

பிறகு நான்கையும் மாற்றி மாற்றி வைத்தாள். முகம் பழைய முகமாக இருந்தது. கிராஃப் முன்னால் உட்காரும்போது நாக்கு நுனி வெளியே வருமே, அது.

"படியா ஏன் வருது தெரியுமா? பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாதான் போவும். வட்டம் போட்டா ஓரம் படிப்படியாதான் ஒடையும். அங்க இருந்தவளுக்கும் அதே நூலு, எனக்கும் அதே நூலு. அதான் எம் பார்டரும் படியா வந்துச்சு. உம் பார்டருன்னு சொல்லணுமோ?"

மடியில் இருந்த கவரின் ஓரத்தை நீவினேன்.

நான்காவதை எடுத்தாள், இன்கா. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவன் சொந்தமா போட்டது கொஞ்சந்தான். மீதி இந்த மூணு பேருது. சின்னதாக்கி, பொட்டிக்குள்ள பொட்டியா அடுக்கிக்கீறான். அடுக்கினது அழகுதான், இல்லன்னு சொல்லல. பேரு மட்டும் இவனுக்கு." ஃபோட்டோவைக் கட்டிலில் போட்டாள். "உன்ன மாதிரி."

"வர்றியா?" என்றேன்.

"எனக்கு ஆறு நாளு ஃபேக்டரி. போய்ட்டு வாக்கா."

எழுந்தேன். கவரில் ஃபோட்டோவை அடுக்கும்போது, "அத வெச்சிட்டுப் போ" என்றாள், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல்.

காபி தரவில்லை. எதிரி வீட்டுக்கு வந்தாலும் காபி கொடுப்பாள் எங்கள் அம்மா.

11, செவ்வாய். பலத்த மழை, ஷெட் ஓரம் ஒழுகல். தார் ஷீட் வாங்க.

ஞாயிறே லூசியாவிடம் கேட்டு ஃபேக்ஸ் போட்டிருந்தேன், நீலக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று. பதில் வந்தது. தெரியாது என்கிறாள். அந்த ஆட்கள் எழுத்தில் எதையும் வைக்கவில்லை. நெய்தவளின் அடையாளமாக இருக்கலாம், வேறு கணக்காகவும் இருக்கலாம், படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்களாம்.

இன்னொன்றும் எழுதியிருந்தாள். மலையில் தங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒழுங்குமுறை தெரியாதவர்கள், நூல் நூற்கவும் துணி நெய்யவும் சொல்லிக் கொடுத்ததே தங்கள் முதல் ராணிதான் என்று இன்காக்கள் கதை சொல்லிவந்தார்களாம். அந்தக் கதையை வெள்ளைக்காரன் கேட்டு எழுதி வைத்துக்கொண்டான். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து பழைய துணிகள் கிடைத்ததும் கதை நிற்கவில்லை. படியும் சுருளும் பல நூறு வருஷம் முன்னாலேயே அங்கே இருக்கின்றன.

அந்த இன்காக்களை எனக்கு நன்றாகப் புரிகிறது. கோபம்கூட வரவில்லை. சரக்கு கைமாறும்போது பழைய லேபிளைக் கத்தரித்துவிட்டு நம் லேபிளைத் தைப்போம். நான் ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறேன்.

சீனப்பா ஐந்தரைக்குக் கிளம்பினார். "இன்னும் ஏதாவது இருக்கா மேடம்?" இல்லை. ஆனால் கரண்ட் பில், மழை, அவர் மருமகளின் பிரசவம் என்று பத்து நிமிடம் நிற்க வைத்துவிட்டேன். பாவம், பஸ்ஸை விட்டிருப்பார்.

நீலசந்திராவிலிருந்து தகவல் இல்லை.

12, புதன்.

தகவல் இல்லை. போன் ஒருமுறை அடித்தது, ராங் நம்பர். "ஸ்ரீனிவாசா லாட்ஜா?" என்றான். இல்லை என்று சொல்லிவிட்டு எந்த ரூம் வேண்டும் என்று கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

13, வியாழன். காற்று.

லூசியாவுக்குப் பதில் போட வேண்டும், நாள் ஓடுகிறது. பூத்தில் நின்று எழுதினேன்: தவறு எங்களுடையது. மாறுபட்ட கட்டமும் நெருக்கலும் அடுத்த மாதிரியில் இருக்கும். அது பிசகு அல்ல, உடம்பில் போடும் சட்டை என்பதால் அப்படி என்று என் டிசைனர் கண்டுபிடித்தார்.

நூருல்லா பாய் மெஷினில் காகிதத்தை வைக்குமுன் வழக்கம்போல் படித்தார்.

"டிசைனர்னா யாரு மேடம்? நீங்கதான?"

"இல்ல. தங்கச்சி."

"சொந்தத் தங்கச்சியா?"

"ஆமா பாய்."

"அப்ப அத எழுதுங்க. ரேட்டு பக்கத்துக்குதான் மேடம், வார்த்தைக்கு இல்ல."

பின்னால் ஒருத்தர் போனுக்குக் காத்திருந்தார், சீக்கிரம் என்பது போல இருமினார். பேனாவை வாங்கி 'என் டிசைனர்' என்பதை அடித்தேன். மேலே, என் தங்கை கமலா என்று எழுதினேன். அதோடு விடவில்லை. பிப்ரவரியில் நீங்கள் தடவிப் பார்த்த படிக்கட்டு பார்டரும் அவள் போட்டதுதான், நான் சொல்லவில்லை, அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். ஆங்கிலம் சரியா தெரியவில்லை. பாய் படித்துவிட்டுத் தலையாட்டினார், போதும்.

மெஷின் காகிதத்தை இழுத்துக்கொண்டது. வியாபாரியாக யோசித்தால் முட்டாள் வேலை. கமலா வரப்போவதில்லை, வராத ஆளின் பெயரை வாங்குபவளிடம் கொடுத்தாயிற்று. நாளைக்கே லூசியா நேரே நீலசந்திரா போகலாம்.

வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்றவைத்தேன். ரசம்.

15, சனி. சுதந்திர தினம். ஷெட் லீவு. வெயில், நடுவே தூறல்.

லீவு என்றாலும் ஷெட்டுக்குத்தான் போனேன், வேறு எங்கே போக. தெருமுனையில் கொடியேற்றி மைக்கில் பாட்டு. பத்து மணி இருக்கும். குடையோடு கமலா. கக்கத்தில் சுருட்டிய கட்டத்தாள்.

"சீனப்பா இல்லியா?"

"லீவு."

"அப்ப உங்கிட்டதான் பேசணும். சரி."

மேசைமேல் விரித்து நான்கு மூலையிலும் நூல்கண்டை வைத்தாள். வாரிச் சட்டை. நடுவில் அகலமாகத் தொடங்கி ஓரத்துக்கு ஒடுங்கும் பத்திகள், ஒவ்வொரு படியும் இழை எண்ணி. ரேவதியின் கலர் பென்சில். ஃபேக்டரிக்கும் போய்க்கொண்டே எப்போது எழுதினாள் என்று கேட்கவில்லை.

ஒன்று உறுத்தியது. கண் அங்கேதானே போகும்.

"நீலம் எடம் மாறியிருக்கே. ஃபோட்டோல கீழ, எடது பக்கம்."

"அது அவளுது. இது என்னுது."

"அந்தம்மா ஒத்துக்கலன்னா?"

"கேட்டு எழுது. அச்சு அசலா வேணும்னா ஃபோட்டோ எடுத்து மாட்டிக்கச் சொல்லு. தறி எதுக்கு?"

மூலையிலிருந்து நகர்ந்த நூல்கண்டை நேராக வைத்தேன்.

"எங்க, அந்தம்மாவுக்கு இன்னான்னு எழுதியிருக்க? 'எங்க ஆள் ஒருத்தி'ன்னா?"

ஃபைலிலிருந்து ஃபேக்ஸ் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தாள். அடித்த இடத்தில் விரல் நின்றது. கடைசிவரை போய், திரும்ப மேலே வந்து தேதியைப் பார்த்தாள்.

"வியாழக்கிழம. நான் வரேன்னே சொல்லலியே."

"சொல்லல."

"வராம போயிருந்தா?"

"போட்ட ஃபேக்ஸ திரும்ப இஸ்துக்க முடியாதுடி."

மூக்கால் ஒரு சத்தம். சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள், என்னிடம் கேட்கவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "சொல்லு. பேசி முடிச்சிடலாம்."

முடிந்தது: கிராஃப் ஒன்றுக்கு எழுநூறு. ஐந்நூறில் ஆரம்பித்தேன், அவள் இறங்கவே இல்லை. ஞாயிறு மட்டும், பத்து முதல் நாலு. ஃபேக்டரி வேலையை விடமாட்டாள். லேபிளில் 'டிசைன்: கமலா'. மாறுபட்ட கட்டம் எங்கே என்பது அவள் இஷ்டம், நான் ஏன் என்று கேட்கக் கூடாது. சாப்பாடு அவள் டப்பாவில் அவளுக்கு, என் வீட்டில் கை நனைக்கமாட்டாள். டீ நான் போடலாம். சர்க்கரை போடக் கூடாது. அவளுக்குச் சுகர் வந்து இரண்டு வருஷமாகிறதாம், எனக்கு இன்றுதான் தெரியும்.